அத்தை எடுத்த ஒரே லீவு

அத்தை இறந்த மறுநாள் காலை, புணேயின் கட்கி பாஜார் முனையில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனரைப் பார்த்ததும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. பேனரில் இருந்த முகம் அத்தையுடையதுதான். கழுத்துக்குக் கீழே இருந்த பட்டுப்புடவை யாருடையது என்று தெரியவில்லை. மாம்பழ நிறம், அகலமான கரை. அத்தை தன் வாழ்நாளில் அப்படி ஒரு புடவை கட்டியதில்லை. பின்னால் ஒரு குத்துவிளக்கு, அதன் மேல் பறக்கும் ஒரு வெள்ளைப் புறா. கீழே ‘தன்னலம் அறியாத தியாகச் சுடர்’ என்று தமிழிலும் மராத்தியிலும் அச்சடித்து, குடும்பத்தில் உள்ள எல்லோருடைய பெயரையும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். என் பெயரும் இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமலேயே நானும் அந்தத் தியாகச் சுடருக்குக் கண்ணீர் அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தேன்.

பேனர் அடித்தது அண்ணன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். கோட்டோடு போட்டால் நன்றாக இருக்காது என்று ஸ்டூடியோக்காரன் புடவை போட்டுக் கொடுத்ததாகச் சொன்னான். பின்னால் இருந்த கடல் எங்கே என்று கேட்டேன். துக்க வீட்டில் சண்டை போடாதே என்றான். அந்தப் புகைப்படத்தை எடுத்தவள் நான். நான்கு குளிர்காலங்களுக்கு முன்னால், போர்ச்சுகல் நாட்டில் போர்ட்டோ என்ற ஊரில், கடற்கரைச் சுவரின் மேல் அத்தையை உட்கார வைத்து எடுத்தேன். மிலிட்டரி பச்சையில் ஒரு கோட்டு, தலையைச் சுற்றி மஃப்ளர், பின்னால் எழும்பி நிற்கும் அலை, வாய் கொள்ளாத சிரிப்பு. அந்தச் சிரிப்பு எதற்காக வந்தது என்று அண்ணனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அதையே வெட்டி எடுத்துத் தியாகத்தின் மேல் ஒட்டிவிட்டான். அந்தக் கோபம் இன்னும் அடங்காததால்தான் இதை எழுதுகிறேன்.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கிக்கு வந்தது. ஆண்கள் எல்லாம் அங்கிருந்த ராணுவ வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை. அத்தைக்கும் ஒரு ஃபாக்டரிக்காரரையே பார்த்துக் கட்டி வைத்தார்கள். இரண்டு வருடத்தில் மாமா மஞ்சள் காமாலையில் போய்விட, அவருடைய வேலையைக் கருணை அடிப்படையில் அத்தைக்குக் கொடுத்தார்கள். பிள்ளை இல்லை. சைக்கிள் மிதித்துக்கொண்டு காலை ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள் கூட்டத்தில் சிரித்துப் பேசிக்கொண்டே போகும் அத்தையைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். சொந்தச் சம்பாத்தியம், சொந்தக் குவார்ட்டர்ஸ், யார் தயவும் வேண்டாத வாழ்க்கை. ஆனால் எங்கள் வீட்டார் கண்ணுக்கு அவள் சம்பாதிக்கும் பெண்ணாக ஒருநாளும் தெரிந்ததில்லை. கைக்குக் கிடைக்கும் ஆளாகத்தான் தெரிந்தாள்.

யாருக்குப் பிரசவம் என்றாலும் அத்தையைக் கூப்பிடு. யாருக்கு ஆபரேஷன் என்றாலும் அத்தையைக் கூப்பிடு. பத்தாவது பரீட்சை எழுதும் பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சமைத்துப் போட வேண்டுமா, அதற்கும் அத்தை. அவளுக்கு எத்தனை நாள் விடுப்பு சேர்ந்திருக்கிறது என்பது அவளைவிட எங்கள் வீட்டில் மற்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். “அத்தைக்குத்தான் ஈ.எல். கெடக்குதே” என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். அவளோடு வேலை பார்த்தவர்கள் ஊர் சுற்ற அரசு பணம் தரும் எல்.டி.சி. விடுப்பு எடுத்துக்கொண்டு காஷ்மீர் போனார்கள், கன்னியாகுமரி போனார்கள், அந்தமான்கூடப் போனார்கள். திரும்பி வந்து அவர்கள் கொடுத்த அல்வாவையும் முந்திரியையும் அத்தை எங்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். அவள் விடுப்பில் போனதெல்லாம் யாராவது ஒருவருடைய சமையலறைக்கு. மும்பைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறாள், எல்லாம் ஆஸ்பத்திரிக்கும் விமான நிலையத்துக்கும். அந்த ஊரில் கடல் இருக்கிறது என்பதை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. யாரும் கூப்பிடாமல் அவளாகவே வந்தது ஒரே ஒரு தடவை, என் கல்யாணம் முறிந்தபோது. புணேயிலேயே வானவடியில் நான் புதிதாக வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு ஒரு பையோடு வந்தாள். எதையும் கேட்கவில்லை. டிவி பார்த்தாள், வேர்க்கடலை வறுத்துக் கொடுத்தாள், நான் மறுபடி பாங்க்குக்குப் போக ஆரம்பித்ததும் கிளம்பிப் போனாள்.

ஓய்வு பெற்ற அன்று ஃபாக்டரிக்காரர்கள் மாலை போட்டு, பாண்டு வாத்தியத்தோடு வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். அன்றைக்கே அத்தை தெளிவாகச் சொல்லிவிட்டாள், இனிமேல் யார் வீட்டுக்கும் போய்ச் சமைப்பதாக இல்லை என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அடுத்த வருடம்தான் அவர்களுக்குப் புரிந்தது. போர்ட்டோவில் இருந்த என் தங்கைக்கு நெடுநாள் கழித்துக் குழந்தை பிறக்க இருந்தது. பிரசவத்துக்கு வரச் சொல்லி அவள் போன் செய்தபோது, உன் மாமியாரைக் கூப்பிட்டுக்கோம்மா, என் ஓட்டம் முடிஞ்சுது என்று அத்தை சொல்லிவிட்டாள். மாமியார் போனார், மூன்று மாதம் இருந்தார், முதுகு வலி என்று திரும்பி வந்துவிட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு அண்ணன் கட்கிக்குப் போய் அத்தையின் முன்னால் உட்கார்ந்தான். பிறந்ததிலிருந்து அத்தையை ‘நீ’ என்று பேசுகிறவன் அன்று ‘நீங்க’ என்று ஆரம்பித்தான். இத்தனை வருஷம் எங்களுக்காக உழைச்சீங்க, டிசம்பர்ல எல்லாரும் போர்ட்டோ போறோம், உங்களையும் ஊர் சுத்திக் காட்டக் கூட்டிப் போறோம், ஒரு வேலையும் இல்ல, சும்மா வந்து கடலைப் பாருங்க என்றான். ஓய்வுக்குப் பிறகு தான் குடியிருந்த லைன் வீடுகள் முழுக்க அத்தை அன்றே சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மாவிலிருந்து மூலைக்கடை பனியாவரைக்கும் எல்லோருக்கும் பேடா கொடுத்தாள். தன் அண்ணனின் பிள்ளைகள் தன்னை வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக இந்தியிலும் மராத்தியிலும் மாற்றி மாற்றிச் சொன்னாள். குளிருக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்பதற்குள், கட்கி பாஜாரில் பழைய மிலிட்டரி சாமான் விற்கும் கடையில் அவளே ஒரு கோட்டு வாங்கிக்கொண்டாள். அவள் தோளுக்கு அது கொஞ்சம் பெரிது. கண்ணாடி முன்னால் நின்று சல்யூட் அடித்துக் காட்டினாள்.

அண்ணன், அண்ணி, அத்தை, நான் என்று நான்கு பேர் இரண்டு விமானம் மாறிப் போய்ச் சேர்ந்தோம். போர்ட்டோவின் டிசம்பர் பனி பெய்யும் குளிர் அல்ல. மழையும் காற்றும் ஈரமும் கலந்த குளிர். வெளியில் இருப்பதைவிட வீட்டுக்குள் அதிகமாகக் குளிர்ந்தது. தங்கையின் வீட்டில் எனக்கும் அண்ணன் அண்ணிக்கும் ஹாலில் மெத்தை. அத்தைக்கு மட்டும் தனி அறை, புது ஹீட்டர், காலி செய்து வைத்த அலமாரி. தனக்கு இவ்வளவு மரியாதையா என்று அத்தை கட்டிலில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். குழந்தையின் தொட்டிலும் அதே அறையில் இருந்தது. அதை நான் பார்த்தேன், இட நெருக்கடி என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மூன்று நாளும் அண்ணனும் அண்ணியும் தங்கையும் ஊர் சுற்றினார்கள். அத்தையைக் கூப்பிட்டால் குளிர் ஒத்துக்காது என்பார்கள், படி அதிகம் என்பார்கள். குழந்தை அத்தையிடம் நன்றாக ஒட்டிக்கொண்டது என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. குழந்தையை அதன் அப்பனிடம் கொடுத்துவிட்டு அத்தையை நான் வெளியே கூட்டிப்போனேன். கிறிஸ்துமஸ் சமயம். கடைதோறும் காய்ந்த மீனைப் பலகை பலகையாக அடுக்கியிருந்தார்கள். அத்தை கடை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, இவ்வளவு தூரம் வந்தும் கருவாடுதானா என்று சிரித்தாள். ஒரு பலகையை வாங்கி ஊறவைத்துக் குழம்பு வைப்பது என்று முடிவானது. அதற்குப் புளி வேண்டும். புளிக்கு எங்கே போவது என்று நான் யோசித்தபோது, அத்தை தெருமுனையைக் காட்டினாள். அங்கே ஒரு பங்களாதேஷ் இளைஞன் மளிகைக்கடை வைத்திருப்பதை வந்த அன்றே ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்திருக்கிறாள்.

என் அண்ணனும் தங்கையும் படித்தவர்கள். அத்தைக்கு எதுவும் தெரியக்கூடாது என்று முடிவு செய்து, நான் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் முன்னாலேயே ஆங்கிலத்தில் பேசி முடித்திருக்கிறார்கள். அந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் யாரும் இல்லை, அதனால் வெளியிலிருந்தும் எதுவும் அவள் காதுக்கு வராது என்று நம்பியிருக்கிறார்கள். அத்தை கட்கியில் பிறந்து வளர்ந்தவள், வீட்டில் மட்டும்தான் தமிழ், வாசற்படி தாண்டினால் இந்தி என்பது அவர்களுக்கு மறந்தே போய்விட்டது. புணேயில் பிறந்த பிள்ளைகள் இப்படி ஒரு தப்பைச் செய்தார்கள் என்று இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அத்தை கடைக்குள் போய், புளி இருக்கிறதா தம்பி என்று இந்தியில் கேட்டதுதான் தாமதம், இந்திப் படம் பார்த்தே இந்தி பழகியிருந்த அந்தப் பையனின் முகம் மலர்ந்துவிட்டது. எந்த ஊர், எந்த வீடு என்று விசாரித்தான். இன்னாருடைய அத்தை என்று சொன்னதும் அவனுக்கு இன்னும் சந்தோஷம். உங்களைப் பற்றி அக்கா சொல்லியிருக்கிறார்களே ஆண்ட்டி, மார்ச் வரைக்கும் இங்கேதானே இருக்கப்போகிறீர்கள், நீங்கள் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வதால்தான் அக்கா ஜனவரியில் வேலைக்குத் திரும்புகிறார்கள், எது வேண்டுமானாலும் என்னிடம் கேளுங்கள் என்று கள்ளங்கபடமில்லாமல் கொட்டினான். அத்தை பார்க்கலாம் தம்பி என்று அவனிடம் தன்மையாகச் சொல்லிவிட்டுப் புளியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

“உனுக்குத் தெரியுமா?” என்று என்னிடம் கேட்டாள்.

தெரியாது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நம்பினாள். என்னிடம் சொன்னால் வாயைத் திறந்துவிடுவேன் என்று என்னையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள். எனக்கு உடனே வீட்டுக்குப் போய்ச் சண்டை போட வேண்டும் போலிருந்தது. அத்தை வேண்டாம் என்றாள். ஆற்றோரமாகக் கடலுக்குப் போகும் டிராமில் ஏறினோம். கடற்கரையில் காற்று ஆளைத் தள்ளியது. கடலுக்குள் நீளும் கல் பாலத்தின் நுனியில் நின்ற கலங்கரை விளக்கத்தைத் தாண்டி அலை ஏறி விழுந்தது. வண்டியில் பலாக்கொட்டை போன்ற கஷ்கொட்டையைச் சுட்டு விற்றவரிடம் ஒரு பொட்டலம் வாங்கி, அத்தை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாள். ஒரு கட்டத்தில், லைன் முழுக்கப் பேடா கொடுத்துட்டு வந்தேனே என்று மட்டும் சொன்னாள். எனக்கு அண்ணனை அடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அத்தை கோட்டைக் கழற்றாமலேயே வந்து உட்கார்ந்தாள். மடியில் குழந்தை இருந்தது. மார்ச் விஷயத்தை எப்போது சொல்வதாக இருந்தீர்கள் என்று கேட்டாள். தங்கையின் கணவன் தன் போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான். கடைசி நாள் சொல்லலாம் என்று இருந்தோம் என்றான் அண்ணன், ஏதோ பிறந்தநாள் பரிசை ஒளித்து வைத்தவன்போல.

“நான் லீவுல வந்திருக்கேன்பா. வேலைக்கு வரலை. என் டிக்கெட்ட உங்களோடவே மாத்திடு.”

அண்ணன் சிரித்தான். “லீவா? ரிட்டையர் ஆனவளுக்கு எதுக்கு லீவு?”

“சர்வீஸ்ல இருக்கச்சொல்லோ என் லீவெல்லாம் நீங்கதான எடுத்துக்கினீங்க. இது ஒண்ணுதான் நான் எடுத்துக்கினது.”

அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். குடும்பம் என்றால் இதெல்லாம் பார்க்கக்கூடாது என்றாள் அண்ணி. கட்கியில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய் என்றான் அண்ணன். அதற்குள் அந்த ‘நீங்க’ காணாமல் போயிருந்தது. நான் கத்தினேன். ஒரு மனுஷியை விருந்துக்கு என்று கூப்பிட்டு அடுப்படியில் கட்டிப்போடுவதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். குடும்பம் இல்லாதவளுக்கு என்ன தெரியும் என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னான். தங்கை அழுதாள். அவளுடைய கஷ்டம் உண்மைதான். குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை, வேலையையும் விட முடியாது. அதை நேராகச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அவள் கேட்டது வேறு. உன் புள்ளையா இருந்தா இப்படி விட்டுட்டுப் போவியா அத்தே என்று கேட்டாள். பிள்ளை இல்லாத ஒருத்தியின் மடியில் தன் பிள்ளையை வைத்துக்கொண்டு அதைக் கேட்டாள். அந்த வார்த்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அத்தைக்குக் கோபம் வரவில்லை. குழந்தையின் வாயோரம் வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்தாள். எழுந்து போய்க் குழந்தையைத் தங்கையின் மடியில் வைத்தாள்.

“உன் புள்ளதாம்மா. நீ பாத்துக்கோ.”

மறுநாள் காலை விமான நிறுவனத்தில் பேசி டிக்கெட்டை மாற்றியது நான். பிறகு அத்தையும் நானும் மறுபடி கடலுக்குப் போனோம். அன்று மழை விட்டிருந்தது. சுவரின் மேல் ஏறி உட்காரு என்றேன். விழுந்துவிடுவேன் என்று பயந்துகொண்டே ஏறினாள். பின்னால் ஒரு பெரிய அலை வந்து அவள் முதுகெல்லாம் நனைத்தது. அப்போது சிரித்த சிரிப்புதான் அந்தப் படம். ஒரு முறை, ஒரே ஒரு முறை, எல்லோர் முகத்துக்கும் நேராக முடியாது என்று சொல்லிவிட்டு வந்து சிரித்த சிரிப்பு. மீதி நாட்கள் நாங்கள் இருவர் மட்டும்தான் ஊர் சுற்றினோம். அந்தக் கருவாட்டுக் குழம்பையும் அத்தை வைத்தாள். அண்ணன் இரண்டு தடவை கேட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிட்டான், ஆனால் அவளோடு பேசவில்லை.

ஊருக்கு வந்த பிறகு அவர்கள் கொடுத்த தண்டனையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தங்கை அத்தைக்கு அதன்பிறகு போனே செய்யவில்லை. அண்ணன் பொங்கலுக்குக்கூடப் போகவில்லை. சொந்தக்காரர்களிடம் எல்லாம், வயசானால் சிலருக்கு மனசு கல்லாகிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அத்தை அதற்காகத் துவண்டு போய்விட்டாள் என்று சொன்னால் பொய். ஃபாக்டரிச் சிநேகிதிகளோடு பஸ் பிடித்துக் கொங்கண் கடற்கரைக்கு இரண்டு தடவை போய் வந்தாள். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போகும்போது, சின்னவ போன் பண்ணாளா, கொயந்த நடக்குதா என்று கேட்பாள். நடக்கிறது என்று சொல்வேன். அப்படியா என்று கேட்டுவிட்டு டிவியைப் பார்ப்பாள். சிறுநீரகம் கெட்டு அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வேலை அதிகம், வர முடியவில்லை என்று அண்ணன் சொன்னான். அவள் ஆயுள் முழுக்க யார் யாருடைய கட்டிலுக்குப் பக்கத்திலோ உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நானும் அந்தப் பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மாவும்தான் இருந்தோம். இறந்த செய்தி போனதும் தங்கை வாய்ஸ் மெசேஜில் தேம்பித் தேம்பி அழுதாள். அண்ணன் பேனர் அடித்தான். பதினாறாம் நாள் சாப்பாட்டில் எழுந்து நின்று, எங்கள் அத்தை தனக்கென்று எதுவும் கேட்டதே இல்லை என்று பேசினான். அவள் கேட்டாள். நான் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வாய்விட்டுக் கேட்டாள், இவனும் காதால் கேட்டான்.

நான் இந்த வருடம் பாங்க்கில் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன். வானவடி வீட்டில் காலையில் மெதுவாக எழுந்திருக்கிறேன், காபியை ஆறவிடாமல் குடிக்கிறேன். போன வாரம் அண்ணன் போன் செய்தான். குரலில் பழைய தேன். நலம் விசாரித்தான். பிறந்ததிலிருந்து என்னை ‘ஏய்’ என்று கூப்பிடுகிறவன் ‘என்னம்மா’ என்றான். அவன் மகளுக்கு ஹைதராபாத்தில் தை மாதம் பிரசவமாம். அண்ணிக்கு மூட்டு வலியாம், நிற்க முடியவில்லையாம். அங்கே பார்ப்பதற்கு நிறைய இடங்கள் இருக்கின்றனவாம், எனக்கும் ஒரு மாறுதலாக இருக்குமாம். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

“நீயும் வீட்ல சும்மாதானே இருக்கே?”

“ஆமாண்ணா. சும்மாதான் இருக்கேன். தை மாசமும் சும்மாதான் இருப்பேன்” என்றேன்.